சுருளிக்கரையில் வாய்க்கால் வெட்டியவர்களுக்கு

முன்னோர்களே,

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி இங்கே காய் எடுக்க வந்தவள். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் கூட்டி வருவாள். கம்பம்மெட்டு வளைவில் திரும்பிப் பார்த்தால் கீழே காய்ந்த கரட்டு நிலத்துக்கு நடுவே பச்சைப் பட்டையாக வயல். "வாய்க்கால் போன இடமெல்லாம் பச்சை, தாயி" என்பாள். அந்தப் பச்சையில் விளைந்த அரிசிதான் இன்றும் மலையேறி வந்து எங்கள் உலையில் கொதிக்கிறது. எங்கள் மேட்டில் விழும் மழையோ மேற்கே ஓடிவிடுகிறது. உங்கள் வாய்க்காலுக்கு நாங்கள் ஒரு சொட்டும் தருவதில்லை. அந்தக் கடன் என்னை உறுத்துகிறது.

தைப்பொங்கலுக்குக் கீழே பொறியாளர் பென்னிகுவிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும். 1887இல் தொடங்கி 1895க்குள் பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே இறக்கினார். அதற்கு நூறாண்டு முன்பே, 1789இல், ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இந்த யோசனை வந்துவிட்டது. இருவரையும் கும்பிடுகிறேன். ஆனால் சுரங்கத்தைத் தாண்டிய தண்ணீர் வெறும் காட்டில் வந்து விழவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் சுருளியாற்றை மறித்த அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால்களும் அதற்கு முன்பே இருந்தன. நீங்கள் வழி போட்டு வைத்திருந்தீர்கள். இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பின்னாளில் தேவாரம், போடிப் பக்கம் புதிதாக ஒன்று வெட்டியபோது, ஏற்கெனவே இருந்த பதினேழு வாய்க்கால்களுக்கு அடுத்தது என்பதால் அதற்குப் பதினெட்டாம் கால்வாய் என்றே பேர் வந்தது.

உங்கள் கைவேலையின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. கோடையில் ஏலச்செடி வாடக்கூடாதென்று படுதா விரித்த குளம் ஒன்று வெட்டி, மேலோடையிலிருந்து சின்னதாக ஒரு கால் இழுத்தோம். நூறடி தூரம் இருக்காது. தண்ணீர் பாதியிலேயே நின்றுவிட்டது. வாட்டத்தை, அதாவது சரிவை, கூட்டினோம்; அடுத்த மழையில் கரை அரித்துக்கொண்டு போயிற்று. வாட்டம் குறைந்தால் வண்டல் படியும், கூடினால் மண் கரையும். ஆறு இறங்குவதைவிட வாய்க்கால் மெல்ல இறங்க வேண்டும். அப்போதுதான் போகப்போக ஆற்றைவிட உயரத்தில் நின்று, இரண்டுக்கும் இடையே உள்ள நிலத்துக்கெல்லாம் ஏற்றம் இறைக்காமல் தானாகப் பாயும். இலங்கையில் 5ஆம் நூற்றாண்டில் மன்னன் தாதுசேனன் வெட்டிய ஜயகங்கை வாய்க்கால், கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் முதல் 17 மைல் வரை மைலுக்கு ஆறு அங்குலம்தான் இறங்குகிறதாம். ஒரு சாண்கூட இல்லை! படித்தபோது என் நூறடிக் கால்தான் கண்முன் வந்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் மட்டம் பிசகாமல் போனீர்களே, அந்தக் கண்ணுக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

மன்னர்களும் இந்த வேலையை மதித்தார்கள். மதுரையில் வைகைப் படுகையில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், பாண்டியன் சேந்தன் மதகு அமைத்த செய்தி இருக்கிறது. மதகு கட்டியதை, தான் செய்த மகாதானங்களோடு சேர்த்துக் கல்லில் எழுத வைத்திருக்கிறான். தண்ணீர் வேலையை அந்தக் காலம் அந்த உயரத்தில் வைத்திருந்தது.

வெட்டியதோடு நீங்கள் விடவுமில்லை. தண்ணீர் வருமுன் ஊரே இறங்கித் தூர் எடுத்தது. குடிமராமத்து என்று அதற்குப் பேர். வருஷா வருஷம் அந்தக் கைகள் இறங்கியதால்தான் வாய்க்கால் எங்கள் காலம்வரை வந்து சேர்ந்தது. இன்று அதே வாய்க்காலில் பாலித்தீன் பையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது உங்கள் முன்னால் நிற்கக் கூசுகிறது. ஒரு ஏலக்காயைக்கூட மண்ணில் விடாமல் பொறுக்குகிற நாங்கள், உங்கள் உழைப்பின்மேல் மட்டும் குப்பை போட விட்டுவிட்டோம்.

பெரியாற்று அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். இந்த வருஷம் அதற்கு ஒரு வாரம் முன்பே கீழே இறங்குகிறேன். அம்மாவின் ஊர்க்காரர்களோடு சேர்ந்து எங்கள் மடையில் தூர் எடுக்க வேண்டும். தண்ணீர் வரும் அன்று எல்லோரும் பூவும் நெல்லும் தூவுவார்கள். நான் ஒரு கைப்பிடி ஏலக்காயும் தூவுவேன்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டிலிருந்து
ஒரு ஏலத்தோட்டக்காரி