கிரிவலம் போன ரயில்

தப்பே செய்யாத குழந்தையை என்றைக்காவது அடித்திருக்கிறீர்களா? நான் அடித்திருக்கிறேன். ஒரு பொம்மை ரயிலுக்காக.

என் அக்கா வீடு திருவண்ணாமலையில். மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னதாகவே போய் இறங்கியிருந்தேன். அக்கா பையனுக்கு அவன் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு ரயில் செட் அனுப்பியிருந்தார். சாவி கொடுத்தால் ஓடுகிற ரகம் இல்லை. நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய 'ஹெச்.ஓ.' ரகம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்தான். ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ், மொத்தம் 12 வோல்ட். சக்கரம் வழியாக இன்ஜினுக்குக் கரன்ட் ஏறும். அந்த இரண்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் ஷார்ட். தீர்ந்தது கதை.

பழைய பேப்பரையும் மைதாப் பசையையும் வைத்து ஒரு அண்ணாமலை செய்தோம். மலையைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். ரயில் ஜோராக ஓடியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா எப்படிடா? விழுப்புரத்துலேருந்து வர்றவங்க கிரிவலம் முடிச்சு ஊருக்குத் திரும்ப வேணாமா?" என்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரு நேர் லைன் போட்டு, பாயிண்ட் வைத்து, மலை வட்டத்தோடு சேர்த்தேன். போன ரயில் மலையைச் சுற்றிவிட்டு, போன லைனிலேயே திரும்பி வரும். தூக்கம் வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை.

காலையில் பையன் ஸ்விட்ச்சைப் போட்டான். சிவப்பு விளக்கு மின்னியது. பவர் பேக் தானாகவே அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதை. தண்டவாளம் ஓரமாக ஒரு ஒரு ரூபாய் நாணயம் கிடந்தது. அது போதாதா எனக்கு? "எத்தனை தடவை சொல்றது, இரும்பு எதையும் பக்கத்துல கொண்டு வராதேன்னு!" முதுகில் ஒன்று வைத்தேன். "நான் ஒண்ணுமே பண்ணல மாமா" என்றான். அழக்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நாணயத்தை எடுத்த பிறகும் ஷார்ட் போகவில்லை.

தீபத்துக்காகத் தெருவில் சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஏணியிலிருந்து இறங்கி வந்தார். முதலில் இன்ஜினையும் பெட்டிகளையும் தூக்கி ஓரமாக வைத்தார். ஷார்ட் இருந்தது. அப்படியென்றால் கோளாறு வண்டியில் இல்லை. ஒயரைக் கழற்றினார். பவர் பேக் சரியாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு பாதையில்.

"ஆயிரம் பல்பு செட்டா இருந்தாலும் இதான் சார். பாதியாப் பிரிக்கணும். எந்தப் பாதியில தப்போ, அதை மறுபடி பாதியாக்கணும்."

மலைக்குப் பின்னால் வட்டத்தைப் பிரித்து மீட்டரை வைத்தார். இந்தப் பக்கம் நல்லாயிருந்தது. அந்தப் பக்கமும் நல்லாயிருந்தது. சேர்த்தால் மீட்டர் 'பீப்' என்றது. இரண்டும் நல்லது, சேர்ந்தால் கெட்டது! கொஞ்ச நேரம் பார்த்தவர், லைனின் இடது தண்டவாளத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். எடுக்காமல் அப்படியே மலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். விரல் வந்து நின்ற இடம், வலது தண்டவாளம்.

"கோடு போட்டதுலயே தப்பு சார். பிளஸ்ஸு கிரிவலம் போயிட்டு வந்து மைனஸ்மேல ஏறுது. யாரு போட்டது இதை?"

பையன் என்னைப் பார்த்தான்.

வெறும் வட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. உள் தண்டவாளம் உள்ளேயே இருக்கும். போன வழியே திரும்புகிற வளையத்தில்தான் இடது வலதாகிறது. வைத்தியம் சுலபம். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் பிளாஸ்டிக் இணைப்பால் பிரித்துவிட வேண்டும். ரயில் வளையத்துக்குள் இருக்கும்போது வெளி லைனின் பிளஸ், மைனஸை மாற்றிப் போட ஒரு தனி ஸ்விட்ச் வேண்டும். சாயங்காலத்துக்குள் ரயில் கிரிவலம் முடித்துத் திரும்பிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பொம்மை ரயிலுக்கு எமனான இந்த ஷார்ட்தான் நிஜ ரயிலுக்குக் காவல். 1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய 'டிராக் சர்க்யூட்' அது. தண்டவாளங்களில் லேசான கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கும். உடனே சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்து கரன்ட் நின்றாலும் சிவப்பு. ஒயர் அறுந்தாலும் சிவப்பு. சந்தேகம் என்றால் நிறுத்து, அவ்வளவுதான் சூத்திரம்.

அப்படிப்பட்ட ஏற்பாட்டிலும் மனிதக் கை தப்பு செய்கிறது. 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தப்பான லைனுக்குள் புகுந்து, 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் ஒயர் இணைப்பில் நடந்த தவறு என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. ஒயரை இணைத்தவர் சரிபார்த்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

என்னிடம் அந்த ராத்திரி சரிபார்ப்பும் இல்லை. காலையில் சந்தேகம் வந்தபோது சிவப்பும் விழவில்லை. நேராகப் பச்சை, கை முதுகுக்குப் போய்விட்டது.

தீபத்தன்று மாடியில், மலை உச்சியைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றவனிடம், "மாமாதான்டா தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"தெரியும் மாமா" என்றான், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.