வடிநீரும் வழக்கும்

நீரின் இயல்பு பள்ளம் நாடுவது. அது தேங்கி நிற்கும் இடம் வேறு. புறப்பட்ட இடம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் இல்லங்களில் வீண் பூசல்கள் விளைகின்றன.

குற்றாலத்திற்கு அணித்தாக, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்தது நம் பண்பொழி. ஆனி, ஆடி மாதச் சாரலில் இங்கே கொடியில் இட்ட துணி மாலையாகியும் ஈரம் விடுவதில்லை. துவைத்துப் பிழிந்தும் தரும் வாஷிங் மெஷினை நம் பகுதியினர் விரும்பி வரவேற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். நம் இல்லத்திலும் முன்புறம் கதவுடைய மெஷின் ஒன்று உண்டு. சென்ற சாரல் காலத்தில் அது ஓடும் நாளெல்லாம் தரை நனையலாயிற்று. நீர் தொழும் அறையின் வாயிலை எட்டியது. அண்டை வீட்டாருடன் பொதுவான சுவரிலும் ஈரம் பூத்தது. நஜீஸ் பட்ட துணியை அலசிய நீராயின், அவ்விடத்தைக் கழுவாமல் தொழ இயலாது. அண்டை வீட்டாரின் சுவரோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் போன்றது.

பழி மருமகள் மீது விழுந்தது. "சோப்புத்தூள அள்ளிக் கொட்டுனா பொங்காம என்ன செய்யும்?" என்றார் முதுமையுற்ற நம் தாயார். மருமகள் மறுமொழி கூறாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கைக் கொணர்பவரே சான்றும் கொணர வேண்டும் என்பது ஃபிக்ஹு ஓதிய எவரும் அறிந்த விதி. வீட்டு வழக்குக்கு மட்டும் அது விலக்காகுமோ? "உம்மா, தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாப்போம்" என்று கூறி விசாரணையைத் தொடங்கினோம்.

முதற்கேள்வி, எப்பொழுது ஒழுகுகிறது என்பது. மெஷின் நீரை ஏற்கும்போதே ஒழுகினால், குழாயையும் அதனோடு இணைந்த ஓஸையும் பார்க்க வேண்டும். துவைக்கும்போது முன்புறம் கசிந்தால், கதவைச் சுற்றிய ரப்பரையும் மிகுந்த நுரையையும் ஐயுறலாம். அழுக்கு நீரை வெளியேற்றும்போது மட்டும் ஒழுகினால், பம்பு, வடிகட்டி, வெளியேற்றும் ஓஸ், வீட்டின் கழிவுநீர்க் குழாய் ஆகிய நான்கையும் ஆராய வேண்டும். நம் இல்லத்தில் துவைத்து முடியும்வரை தரை உலர்ந்தே இருந்தது. வெளியேற்றத் தொடங்கியதும் பின்புறம் நீர் பரவிற்று. மருமகள் மீதான வழக்கு அப்பொழுதே பாதி தள்ளுபடியாயிற்று.

அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்து, அடிப்புறச் சிறு கதவைத் திறந்து, தாம்பாளம் ஒன்றை வைத்து, வடிகட்டியைத் திருகி எடுத்தோம். முக்காட்டு ஊக்கு ஒன்றும், சட்டைப் பொத்தான் இரண்டும், நூற்கற்றையும் கிடைத்தன. குற்றவாளி அகப்பட்டான் என்று வீட்டார் மகிழ்ந்தனர். மெஷினை மீண்டும் ஓட்டியதும் மீண்டும் ஒழுகிற்று. கிடைத்ததெல்லாம் காரணமாகிவிடாது. வடிகட்டி அடைபட்டால் நீர் உள்ளேதான் தேங்கும். அதன் மூடி சரியாகத் திருகப்படாவிடில் கசியும், அதுவும் முன்புறமே.

மூன்றாம் சோதனை தீர்ப்பளித்தது. வெளியேற்றும் ஓஸின் நுனியைச் சுவர்க் குழாயிலிருந்து எடுத்து, பெரிய அண்டாவில் விட்டுப் பிடித்துக்கொண்டோம். நீர் முழுதும் அண்டாவில் இறங்கிற்று. தரையில் ஒரு துளியும் இல்லை. ஆகவே மெஷினும் குற்றமற்றது. கை கழுவும் நீருக்கென்று முன்பு அமைத்த அக்குறுகிய சுவர்க் குழாயில் நூலும் சோப்புக் கசடும் திரண்டிருந்தன. பம்பு விரைந்து தள்ளும் நீரை அது விழுங்கமாட்டாமல் எதிர்த்துப் பொங்கி, சுவரோடு வழிந்தது. கொத்தனார் அதனை அகற்றி அகன்ற குழாய் பொருத்தினார். அண்டை வீட்டுச் சுவர் உலர்ந்ததும் அதற்கு வெள்ளையடித்துக் கொடுத்தோம்.

மறுநாள் தாயார் மருமகளை அழைத்து, "சோப்பு கொறச்சலாப் போடுத போலிருக்கே, இன்னுங் கொஞ்சம் போடும்மா" என்றார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவே. அவள் சிரித்துக்கொண்டாள்.

கி.பி. 1206ஆம் ஆண்டில் பொறிகளைப் பற்றி அரபியில் நூல் யாத்த அறிஞர் அல்ஜஸரீ, கை கழுவ உதவும் மயில் வடிவப் பொறியொன்றை அதில் விவரிக்கின்றார். கழுவிய நீர் அடியில் சேரச் சேர மிதவை உயரும். அதன் விசையால் ஒரு பாவை கழுவும் தூளுடனும், பின்னர் மற்றொரு பாவை துண்டுடனும் வெளிப்படும். கழிந்த நீரையும் அப்பேரறிஞர் கணக்கில் வைத்தார். நாமோ நீர் வரும் வழிக்குத் தரும் கவனத்தில் பாதியையும் அது போகும் வழிக்குத் தருவதில்லை.

வாசக அன்பர்கள் தம் இல்லத்தில் நீர் தேங்கக் கண்டால், "யார்?" என்று கேட்குமுன் "எப்பொழுது?" என்று கேட்பார்களாக!