உன் அட்ரஸ் என்னப்பா?

ஒரு கணினிகிட்ட நிரல் எழுதி "உன் ஐபி முகவரி என்ன?"ன்னு கேக்கறது சப்பை மேட்டர் மாதிரிதான் தெரியும். கேட்டுப் பாருங்க, சுத்த விட்டுடும் :-)

வழக்கமான வழி, கணினியோட பேரைக் கேட்டு, அந்தப் பேருக்கு என்ன முகவரின்னு கேக்கறது. உபுண்டுவுல பல சமயம் 127.0.1.1னு பதில் வரும். 127ல ஆரம்பிக்கிறதெல்லாம் கணினி தனக்குள்ளேயே பேசிக்கிற முகவரி. "எங்கப்பா இருக்கே?"ன்னா "எனக்குள்ளதான் இருக்கேன்"னு சாமியார் மாதிரி பதில்!

எனக்கு இது தேவைப்பட்டது மாமா கடைக்காக. கல்லாவுல பில் போட ஒரு கணினி, குடோன்ல சரக்குக் கணக்குக்கு ஒண்ணு. கரண்ட் போய் வந்தா குடோன் கணினிக்கு ரூட்டர் சில சமயம் வேற நம்பர் கொடுத்துடும். பில் ஓடாது. தீபாவளி நேரத்துல கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போயிடும். ரூட்டர்லயே நம்பரைக் கட்டிப் போடலாம், ஆனா அதோட பாஸ்வேர்ட் கேபிள்காரர்கிட்ட, அவர் போனே எடுக்கல. அதனால குடோன் கணினியே தன் முகவரியைத் திரையில பெருசா காட்டட்டும்னு பைத்தான்ல எழுதினேன்.

நெட்வொர்க் கார்டுகளை வரிசையா கேக்கலாம்தான். ஆனா வயருக்கு ஒண்ணு, வைஃபைக்கு ஒண்ணு, டாக்கர் போட்டிருந்தா 172.17.0.1னு இன்னொண்ணு. இதுல எது?

இதுக்கு ஒரு அழகான குறுக்கு வழி இருக்கு. ஒரு யுடிபி சாக்கெட் திறந்து, வெளியில இருக்கிற 8.8.8.8க்கு கனெக்ட் பண்ணணும். யுடிபியில கனெக்ட்னா ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. அங்க போக எந்த வாசல்னு இயங்குதளம் ரூட்டிங் அட்டவணையைப் பார்த்து முடிவு பண்ணி வச்சுக்கும், அவ்வளவுதான். அப்புறம் கெட்சாக்நேம் கூப்பிட்டா 192.168.1.7னு சமத்தா சொல்லிடும்.

நான் 8.8.8.8க்கு பதிலா ரூட்டரோட 192.168.1.1ஐயே கொடுத்தேன். இண்டர்நெட் இணைப்பு இல்லாத அன்னைக்கும் வேலை செய்யணுமே. தவிர, விபிஎன் ஓடுற கணினியில வெளி முகவரியைக் கொடுத்தா விபிஎன் முகவரி வந்து நிக்கலாம்.

யோசிச்சா, கணினிக்கு இதுதான் முகவரின்னு ஒண்ணு கிடையாது. நம்மகிட்ட சொந்த ஊர் கேட்டா டெல்லியில தமிழ்நாடும்போம், சென்னையில திருநெல்வேலிம்போம், திருநெல்வேலியில கிராமத்துப் பேரைச் சொல்லுவோம். எதுவும் பொய்யில்ல, கேக்கற இடம்தான் வேற. கணினியும் அப்படித்தான். "உன் முகவரி என்ன?"ன்னு கேக்காதீங்க, "அங்க போகணும்னா எந்த முகவரியில கிளம்புவே?"ன்னு கேளுங்க. ஒழுங்கா சொல்லும்.