ஓசையும் பாட்டும்

முழுநிலாக் காலத்து இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்தால் மட்டக்களப்பு வாவி பாடுவது கேட்கும் என்பர். சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். அது மீனின் பாட்டா, மட்டியின் ஒலியா, வெறும் நீரோட்டமா என்று அன்று வினவவில்லை. உயிரியல் கற்பிக்கப் புகுந்தபின் அதே வினா வேறு வடிவில் என்னை எதிர்கொண்டது.

மனிதனின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி மூலச்சோடிகளைக் கொண்டது. அதிற் புரதம் ஆக்கும் பகுதி நூற்றுக்கு இரண்டிலும் குறைவு. எஞ்சியவற்றிற் பெரும்பகுதியை 1972இல் சுசுமு ஓனோ 'குப்பை' என்றார். வகுப்பில் நானும் அவ்வாறே கூறிவந்தேன். ஒருநாள் மாணவியொருத்தி, குப்பையாயின் கலம் அதனை ஏன் ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கிறது என்று கேட்டாள். விடையின்றி நின்றேன்.

அதன்பின்பே முறையாகப் படிக்கலானேன். 200 அலகுகளிலும் நீண்டு, புரதம் எதனையும் ஆக்காத ஆர்.என்.ஏ.க்கள் முள்ளந்தண்டுளிகளில் ஆயிரக்கணக்கில் உள. அவற்றுள் ஒன்று, 1991இல் அறியப்பட்ட 'எக்ஸிஸ்ட்'. பெண்ணின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றை அடக்கிவைப்பது அதுவே. கோழியில் இன்றும் புரதம் ஆக்கும் ஒரு பரம்பரையலகு, நம் மூதாதையரில் அத்தொழிலை இழந்து எக்ஸிஸ்டின் பகுதியாயிற்று என 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய தொழிலின் இழப்பே புதிய தொழிலுக்கு வழியாயிற்று.

ஆயின், யாவும் பயனுடையன என்று முழங்கிவிடலாமா? நம் வலைகளில் அகப்பட்டு, நஞ்சென்று வீசப்படும் பேத்தை மீனை எண்ணுங்கள். அதன் உறவான யப்பானியப் புகு மீனின் மரபுத்தொகுதி 2002இல் வாசிக்கப்பட்டது. அளவில் அது நம்முடையதில் எட்டிலொரு பங்கே. பரம்பரையலகுகளோ ஏறத்தாழ நம்மளவு. நமக்குள்ள மிகுதி முழுவதும் இன்றியமையாததெனின், அது இல்லாமலே பேத்தை வாழ்வது எங்ஙனம்?

வரிக்குதிரை மீனில் இத்தகைய 25 ஆர்.என்.ஏ.க்களின் பரம்பரையலகுகளைத் தனித்தனியே சிதைத்துப் பார்த்தோர், கருவளர்ச்சிக்கோ உயிர்வாழ்வுக்கோ இனப்பெருக்கத்துக்கோ அவற்றுள் ஒன்றேனும் இன்றியமையாததன்று என 2019இல் அறிவித்தனர். 2011இல் மூளைவளர்ச்சிக்கு வேண்டியதெனக் கருதப்பட்ட 'சிரானோ'வும் அவற்றுள் அடங்கும். எனினும் அதே சிரானோ, சுண்டெலியின் மூளையில் வேறொரு சிற்றார்.என்.ஏ.யை அழிக்கச் செய்கிறது என 2018இல் வேறு சிலர் கண்டிருந்தனர்.

அம்மாணவியிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். குப்பை என்று ஒதுக்கியது அவசரம். படியெடுக்கப்படுவதனாலேயே பொருளுண்டு என்பதும் அவசரமே. ஓசை கேட்டதென்பது ஒன்று, அது பாட்டென நிறுவுவது வேறொன்று. அதனை ஒவ்வொன்றாகவே நிறுவ வேண்டும். இன்று வகுப்பில் நான் முதலிற் சொல்வது இதனைத்தான்.