ஒரு மணி நேரந்தானுங்க!

கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று எங்கள் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘ஒரு மணி நேரந்தானுங்க’ என்பார், ஏதோ பீளமேட்டில் ஏறி சிங்காநல்லூரில் இறங்குகிற மாதிரி!

அவர் சொல்வது பொய்யில்லை. நேர்க்கோடு போட்டால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே சுமார் 400 கிலோமீட்டர்தான். ரயில், சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று சுற்றிக்கொண்டு போவதால் அதற்குக் கிட்டத்தட்ட 500. டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் போல் போட்டிருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் இருக்கிற விமானம் கிளம்பக் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிற்க இடம் தேடுவது எல்லாம் அதில் அடக்கம். ஆகாயத்தில் இருப்பது ஒரு மணிக்கும் குறைவு. காபி வாங்கி ஆற்றுவதற்குள் ‘பெல்ட்டைப் போடுங்க’ என்று விடுகிறார்கள்.

ஆனால் நான் கோபிக்காரன். என் கணக்கைக் கேளுங்கள். வாசலிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். அங்கே சோதனை, காத்திருப்பு என்று ஒன்றரை. பறக்க ஒண்ணேகால். மீனம்பாக்கத்தில் பெட்டி வர அரை. அண்ணா நகரில் மகள் வீட்டுக்கு ஒன்று. ஆக, ஆறேகால்!

2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்தது. கோவை - சென்னை ஆறு மணிக்குள். எனக்கு ஈரோடு ஒரு மணி, ஸ்டேஷனில் அரை, ரயிலில் நாலரை, சென்ட்ரலிலிருந்து அரை. மொத்தம் ஆறரை. கால் மணி நேரத்துக்காகவா ஆகாயத்தில் போவது?

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்தார்கள். உப்பிலிபாளையத்துக்காரர்களுக்கு யோகம். எதிர்ப்பக்கமிருந்து வருகிற எனக்கு அது தலைக்கு மேலே போகிற விஷயம்.

‘அப்புறம் எதுக்குங்க விமானம்?’ என்று நானும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய மாமா காலமாகும் வரை.

விடியற்காலை நாலு மணிக்கு உயிர் பிரிந்தது. எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் ஒறம்பரை கேட்கிற முதல் கேள்வி, ‘எப்ப எடுக்கறீங்க?’ பதினோரு மணி என்று பெரியவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். ஒரே பையன் சென்னையில். ரயிலைப் பிடித்தால் அதற்குள் வந்து சேர முடியாது. அத்தை ஒன்றும் பேசவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தேகாலுக்குக் கார் வந்து நின்றது. முதல் விமானத்தைப் பிடித்திருக்கிறான். “வந்துட்டயா சாமி... அப்பன் மொகத்தப் பாத்துக்கோ” என்றார் அத்தை. அப்போதுதான் அவருக்கு அழுகையே வந்தது.

முக்கால் மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கால் மணி நேர லாபத்துக்கு நான் போட்ட கணக்கெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

மாடு வாங்கினாலும் மஞ்சள் வாங்கினாலும், ‘என்ன வெலைங்க?’ என்று கேட்காமல் விடாத ஊர் எங்களுடையது. அன்றைக்கு டிக்கெட் என்ன விலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.