கலியாணமும் முகப்பருவும்

பொருத்தம் பார்த்து, சீதனம் பேசி முடித்து, முகூர்த்த நாளும் குறித்தாயிற்று என்றவுடன், மணமகளின் முகம் அவளுடைய தனியுடைமையாக இருந்த நிலை மாறி, ஊருக்கெல்லாம் பொதுச் சொத்தாகி விடுகின்றது. பந்தற்காரரையும் மேளகாரரையும் ஒழுங்கு செய்வதில் முனைந்து நிற்கும் தந்தையார்கூட ஒரு கணம் நின்று, மகளின் கன்னத்தை உற்றுநோக்கி, “என்ன பிள்ளை, முகம் வாடியிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். பெரியம்மா சந்தனக் கட்டையைத் தேடி எடுக்கிறார். அயல் வீட்டார் தேசிப்புளி பூசு என்கிறார்கள். கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசும் மாமி, தான் வரும்போது கொண்டுவரப் போகும் குப்பிகளின் பெயர்களைச் சொல்கிறார். மணமகனுக்கு இத்தகைய சோதனை எதுவும் இல்லை. அவன் தலைமயிரை வெட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

எம் தமக்கையாரின் மகளுக்குத் தை மாதத்தில் நாள் குறித்தார்கள், ஆவணியில் முகூர்த்தம். இருபத்தாறு வயது, மாநிறம், வடமராட்சிப் பாடசாலை ஒன்றிலே கணிதம் கற்பிக்கிறாள். பதினைந்து வயதில் வந்த முகப்பரு அவளை விட்டு முற்றாகப் போகவேயில்லை. பரு ஆறிய இடங்களில் கரிய தழும்புப் புள்ளிகள் தங்கியிருந்தன. அதைப் பற்றி அவள் அதிகம் கவலைப்பட்டதாக நாம் அறியோம். ஆனால், பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மூதாட்டி எல்லாருடைய காதிலும் விழும்படி, “பிள்ளை வடிவுதான், முகந்தான் கொஞ்சம் கறுப்படிச்சுக் கிடக்கு” என்று கூறிவிட்டார். சொன்னவர் அடுத்த நிமிடமே பலகாரத்தட்டிற் கருத்தைச் செலுத்தினார். கேட்டவளோ அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை.

மாசி மாதத்தில் அவளுடைய மேசையின்மீது ஒரு சிறிய கிறீம் குப்பி தோன்றியது. மூடியிலே வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருந்தது. செய்தவர் பெயரோ, சேர்க்கைப் பொருள்களின் விபரமோ, தொகுதி இலக்கமோ, காலாவதித் திகதியோ எங்கும் இல்லை. பட்டணத்துக் கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றி, விற்பவரின் மேசை இழுப்பறைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார்களாம். இழுப்பறைக்குள் இருந்து வருகின்ற மருந்தைப் பற்றி எமக்கு எப்போதுமே நல்லெண்ணம் கிடையாது.

ஆயினும் அந்தக் கிறீம் வேலை செய்தது என்பதை மறைக்கலாகாது. பத்தே நாளில் பருக்கள் அமுங்கின. முகம் வெளிறிப் பளபளத்தது. வீட்டிலுள்ளோர் மகிழ்ந்தனர். பாடசாலையிலும், “என்ன ரீச்சர், கலியாணக் களை வந்திட்டுதோ?” என்று கேட்டார்களாம். ஆபத்து இருந்ததே அந்தப் பத்து நாளில்தான். ஏனென்று சற்று விளக்குவோம்.

நமது தோலின் மேற்படை ஓயாது புதுப்பிக்கப்படுவது. அடித்தளத்திலே பிறக்கும் நுண்கலங்கள் மெல்ல மெல்ல மேலே வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத செதில்களாய் உதிர்ந்து போகின்றன. இளவயதினருக்கு இந்தப் பயணம் ஏறக்குறைய 4 கிழமைகள் எடுக்கும். வயது ஏற ஏற இன்னும் நீளும். ஆகவே, தோலை உண்மையாகச் சீர்ப்படுத்தும் எந்தச் சிகிச்சையும் 10 நாளில் தன் பயனை முழுமையாகக் காட்ட இயலாது. முகப்பருவுக்கு வைத்தியர் தரும் நல்ல களிம்புகள்கூட 6 முதல் 8 கிழமை கழிந்த பின்னரே தெளிவான பயன் தரும். முழுப் பயனுக்கு 3 மாதமும் ஆகலாம். பத்து நாளில் முகத்தை மாற்றும் பெயரில்லாத கிறீமினுள் பெரும்பாலும் இரண்டிலொன்று ஒளிந்திருக்கும்: வலிமை மிக்க ஸ்ரெரோயிட் மருந்து, அல்லது இரசம்.

ஸ்ரெரோயிட் களிம்பு, கரப்பான் முதலிய நோய்களுக்கு வைத்தியர் அளவோடு கொடுக்கும் அருமையான மருந்தே. முகத்திலே பூசினால் அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளிறச் செய்யும்; அழற்சியை அடக்கிப் பருவையும் அமுக்கும். ஆனால் கிழமைக்கணக்காகப் பூசிவந்தால் தோல் மெலியும். சிறு இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்களைப் போல வெளியே தெரியும். முகத்திலே பூனைமயிர் வளரும். பழைய பருவினும் மோசமான பருக்கள் தோன்றும். நிறுத்தினாலோ, முகம் நெருப்புப் பட்டாற் போலச் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், எரிச்சல் அடங்கும். இப்படியே அந்தக் குப்பிக்கு அடிமையாகிப் போனவர்கள் பலர்.

எம் பெறாமகள் சித்திரை வருடப்பிறப்பன்று எமது வீட்டுக்கு வந்தபோது கன்னங்களிரண்டும் சிவந்து தடித்திருந்தன. குப்பி தீர்ந்து நாலு நாளாம். அடுத்ததை வாங்கக் கடைக்காரர் கொழும்பிலிருந்து வரும்வரை பொறுக்கச் சொன்னாராம். “சின்னம்மா, வெயிலுக்குள்ளை நிக்கேலாமல் கிடக்கு. இன்னும் நாலு மாதந்தான்...” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்தது. அடுத்த கிழமை, அரசினர் வைத்தியசாலையின் தோல் நோய்ப் பகுதிக்கு அவளையும் தாயாரையும் அழைத்துச் சென்றோம். காலை ஏழு மணிக்கு எண் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனோம்.

பரிசோதித்தவர் ஒரு பெண் வைத்தியர். வெறுங் குப்பியைப் புரட்டிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். முகத்துக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று எம் தமக்கையார் திகைத்தார். இரசம் கலந்த கிறீம் தோலுக்கு நிறந்தரும் பொருள் உண்டாவதைத் தடுத்து வெளிறச் செய்கிறது. ஆனால் அந்த இரசம் தோலினூடே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்புகளையும் தாக்கும். பூசுபவளோடு அது நிற்பதுமில்லை. அவளுடைய துவாய், தலையணை உறை, கைகள் வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளையும் சேரும். இவற்றைக் கேட்டதும் தமக்கையார் தம் இளைய மகனின் துவாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் குடாவிலே, தொழிற்சாலைக் கழிவில் இருந்த இரசம் மீனிலே சேர்ந்து, உண்ட மக்களை முடமாக்கியது. 1956இல் அந்நோய் முதன்முதலாக உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே 2013இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. இரசம் சேர்த்த அழகுப் பொருள்களை நாடுகள் கைவிட வேண்டுமென்பது அதன் விதிகளில் ஒன்று. விதி இருக்கின்றது; மேசை இழுப்பறையும் இருக்கின்றது.

நல்ல வேளையாக எம் பிள்ளையின் சிறுநீரில் குற்றம் எதுவும் தென்படவில்லை. அதன் பிறகு வைத்தியர் கேட்ட கேள்விதான் எம் தமக்கையாரை நிலத்தைப் பார்க்க வைத்தது. “கலியாணம் எப்ப? பிள்ளை பெறுகிறதைக் கொஞ்சம் பிற்போடுகிற எண்ணம் இருக்கோ?” என்று நேராகவே கேட்டார். தாய் வாய்திறக்கவில்லை. மகள், “இல்லை டொக்டர், பிற்போடேல்லை” என்று தெளிவாகப் பதிலளித்தாள். அந்தப் பதில் எத்துணை முக்கியமானதென்று பிறகு அறிந்தோம். கடுமையான முகப்பருவுக்கு ஐசோரெற்றினோயின் என்றொரு குளிசை உண்டு, மிக வல்லது. ஆனால் கருவிலுள்ள சிசுவுக்குப் பாரிய அங்கக் குறைகளை உண்டாக்கக் கூடியது. அதை உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரித்தலாகாது. ஆவணியில் மணமுடிக்கும் பெண் வைகாசியில் அதைத் தொடங்கினால் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்க. டொக்சிசைக்கிளின் முதலிய சில நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளும் கர்ப்பிணிகளுக்கு ஆகா. இதற்குள், அவளுடைய தோழி ஒருத்தி தன்னிடம் மிஞ்சிக் கிடந்த குளிசைகளைத் தருவதாக அன்பாய்ச் சொல்லியிருந்தாளாம். அவை இந்த இனமே.

வைத்தியர் தந்தவை மிகச் சாதாரணமாயிருந்தன. முதல் மாதம் மணமற்ற மென்மையான கழுவியும், ஈரங்காக்கும் களிம்பும், வெயிற் காப்புப் பூச்சும் மட்டுமே. எரிச்சல் தணிந்த பின், அசெலேயிக் அமிலக் களிம்பு. இது பருவையும் அடக்கும், அது விட்டுச் சென்ற கறுப்பையும் மெல்லக் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தக் கூடியது. தொடக்கத்திலே சிறிது கடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இருமுறைக்கு மேல் முகத்தைக் கழுவ வேண்டாம் என்றார். இது அவளுக்குப் பெரிய அதிசயம். முகப்பரு அழுக்கினால் வருவது என்று எண்ணிச் சவர்க்காரம் போட்டு ஐந்து முறை தேய்த்து வந்தவள் அவள். பருவோ, மயிர்த்துளையின் வாயை இறந்த கலங்கள் அடைத்து, உள்ளே ஊறும் எண்ணெய்ப்பசை தேங்கி, கிருமி பெருகி, அழற்சி உண்டாவதால் வருவது. தேய்த்தால் அழற்சி கூடும். கிள்ளினால் தழும்பு நிலைக்கும். தலைக்கு வைக்கும் எண்ணெயைக் குறித்தும் விசாரித்தார். நெற்றியோரத்திலும் பிடரியிலும் வரும் பருக்களுக்குத் தலையிலிருந்து வழியும் எண்ணெயும் ஒரு காரணமாகும். எண்ணெய் முழுக்கை விட வேண்டியதில்லை. வைத்த எண்ணெயோடு உறங்காமல் முழுகிவிட்டாற் போதும்.

வெயிற் காப்பு விடயத்தில்தான் வீட்டிலே பெரும் எதிர்ப்பு எழுந்தது. “கறுத்த தோலுக்கு இது எதுக்கு?” என்றார் தமையன். கறுத்த தோலுக்குச் சூரியனால் எரிவு குறைவு என்பது மெய்யே. ஆனால் பருத் தழும்பின் கறுப்பு வெயிலிலே மேலும் ஆழ்ந்து விடும். காலை ஏழரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும் துவிச்சக்கர வண்டியிற் போய்வரும் ஆசிரியைக்கு, எந்தக் களிம்பைப் பூசினாலும் காப்பில்லையேல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதைதான். காப்பெண் 30க்குக் குறையாத பூச்சை, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டுமாம். நம்மவர்கள் பயற்றளவு தொட்டுவிட்டுப் பயனில்லை என்பார்கள். விலையும் அதிகந்தான், அகன்ற விளிம்புத் தொப்பியொன்றும் உடன் வாங்கினோம். மாணவர் சிரித்தார்கள், இரண்டு கிழமையிற் சிரிப்பு ஓய்ந்தது.

பாட்டிமாரின் கைமருந்துகளையெல்லாம் தள்ளிவிட வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். பயற்றம் மா நல்ல பொருள். மென்மையாகத் தேய்த்தால் எண்ணெய்ப்பசையை எடுக்கும். சந்தனம் குளிர்ச்சி தரும், மணமும் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. மஞ்சளைப் பொறுத்தவரை, வீட்டில் இடித்ததாயின் அச்சமில்லை. ஆயினும் சிலருக்கு அது ஒவ்வாது. தேசிப்புளியை மட்டும் நாம் உறுதியாக மறுக்கிறோம். அதன் புளிப்பே தோலை எரிக்கும். அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்கச் செய்து, மாதக்கணக்காக நீங்காத கரும்படைகளை விட்டுச் செல்லும். தேசிப்புளி பூசிக்கொண்டு முற்றத்தில் நிற்கும் மணமகளைக் கண்டால் உள்ளே அழைத்து முகத்தைக் கழுவச் சொல்லுங்கள்.

ஆனி மாதத்தில் சிவப்பு மறைந்தது. ஆடிக் கடைசியில் புதுப் பருக்கள் குறைந்தன. பழைய கறுப்பு பாதியளவு மங்கியது. நிறம் மாறவில்லை. அது மாறுவதற்காக வைத்தியர் ஒன்றும் தரவுமில்லை. இதை எம் தமக்கையார் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடித்தது. அவரைக் குறைசொல்வதற்கில்லை. வெண்மையே அழகென்று விளம்பரஞ் செய்யும் கிறீம் ஒன்று 1975இல் இந்தியாவிற் பிறந்து, எமது தலைமுறை முழுவதையும் அந்தப் பாடத்தைப் படிக்க வைத்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கினார்கள். மணமகள் தேவை விளம்பரங்களிலிருந்து “சிவந்த நிறம்” என்னும் சொல்லை நீக்குவது நம்மவர் கையில் உள்ளது, இன்னும் நீக்கவில்லை.

கடைசிக் கிழமையிலே புதிதாக எதையும் முகத்தில் தொடக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அழகு நிலையத்தார் சலுகையாகச் செய்வதாகச் சொன்ன முகச் சிகிச்சையையும் அவள் மறுத்துவிட்டாள். கைக்கு இடும் மருதோன்றியிலும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. இலையை அரைத்து இடும் இயற்கை மருதோன்றி செம்மண்ணிறமாகவே பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் கறுப்பு மருதோன்றியில் மயிர்ச்சாயத்துக்குரிய இரசாயனப் பொருள் கலந்திருக்கக் கூடும். அது ஒவ்வாதவர்களுக்குக் கோலம் வரைந்த கோட்டின் வழியே கொப்புளம் எழும்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், நாடியிலே கடுகளவாய் ஒரு பரு தோன்றியது! வீடு அமர்க்களப்பட்டது. அவள் அதைத் தொடவில்லை. மணநாட் காலையில் பால் அறுகு வைத்து நீராட்டியபோதும் அது அங்கேதான் இருந்தது. அலங்கரிக்க வந்த பெண், இரண்டு படி வெளிறிய பூச்சொன்றைத் திறந்தார். எம் பெறாமகள் அதை வாங்கித் தன் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம் அக்கா. முகம் ஒரு ஆளும் கை வேறை ஆளுமாய்த் தெரியும்” என்றாள். பிறகு அவளுடைய நிறத்துக்கே பொருந்துவதை எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் புகைப்படக்காரர் அல்பத்துடன் வந்தார். நாடியிலிருக்கும் அந்தப் புள்ளியை எல்லாப் படங்களிலும் அகற்றித் தரட்டுமா என்று கேட்டார்; அதற்குக் கட்டணம் தனி என்றும் தெரிவித்தார். எம் தமக்கையார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கட்டணத்தைக் கேட்டுச் சொன்னாரா, வேறு காரணத்தாற் சொன்னாரா என்று நாம் விசாரிக்கவில்லை.