ஒப்புக்குச் சப்பாணி

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் இந்தி வார்த்தை 'நமஸ்தே' அல்ல. 'பாரி'. முறை என்று அர்த்தம். "மேரி பாரி" என்று உரக்கக் கத்தத் தெரிந்துவிட்டால் பூங்காவில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது 'பேயிமானி'. நம்மூர் அழுகுணி ஆட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். ஆண்பால் பெண்பால் தகராறுகளெல்லாம் பின்னால் பள்ளிக்கூடத்தில் மெதுவாக வந்து சேரும்.

அந்தக் குடும்பம் 1989-ல் ஜனக்புரியின் சி பிளாக்கில் ஒரு டி.டி.ஏ. ஃப்ளாட்டுக்குக் குடிவந்தது. அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். அக்காவுக்கு வயது 9, தம்பிக்கு 7. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திண்ணை, தெரு, கோயில் பிராகாரம் என்று திரிந்த பிள்ளைகளுக்கு இரண்டு அறை வீடு மூச்சுமுட்டியது. ஆனால் பால்கனிக்குக் கீழே பூங்கா இருந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய வீடுகளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். ஆனால் வீட்டு வரிசைகளுக்கு நடுவே புல்தரை விட்ட புண்ணியம் அதற்கு உண்டு.

சாயங்காலமானால் பதினைந்து இருபது பிள்ளைகள். பஞ்சாபிகள் அதிகம், தலையில் பட்கா கட்டிய சீக்கியப் பையன்கள், ஒரு மலையாளி, இரண்டு வங்காளிகள். கோடை நாட்களில் மின்சாரம் போய்விட்டால் கூட்டம் இரட்டிப்பாகும். தரையில் செங்கல் துண்டால் கட்டம் கிழித்து ஆடும் 'ஸ்டாப்பு' சாட்சாத் நம்மூர்ப் பாண்டியேதான். ஏழு தட்டைக் கற்களை அடுக்கிப் பந்தால் தகர்த்து, அடி வாங்காமல் மறுபடி அடுக்கும் ஆட்டத்துக்குப் 'பிட்டூ' என்று பெயர். ஆட்டங்கள் தெரிந்தவைதான். மொழிதான் தெரியாது.

எனவே இருவரையும் 'கச்சா நிம்பூ' ஆக்கினார்கள். நேர்ப்பொருள், பழுக்காத எலுமிச்சை. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், ஓடலாம், எறியலாம், கத்தலாம். ஆனால் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் பெயர் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. சின்னதுகளைக் கழற்றியும் விடாமல், ஆட்டத்தையும் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கக் குழந்தைகளே கண்டுபிடித்த ஏற்பாடு இது. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதில் கருணையும் உண்டு, அவமானமும் உண்டு.

தம்பி அதிலிருந்து வெளியே வந்த விதம் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. மூன்றாவது வாரம் பிட்டூ ஆட்டத்தில் பந்து அவன் முதுகில் பட்டது. யாரும் சட்டை செய்யவில்லை, கச்சா நிம்பூதானே. அவன் ஓட்டத்தை நிறுத்தி, "மைம் அவுட் ஹூம்" என்று அறிவித்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டான். பெரிய பையன் வந்து, பரவாயில்லை ஆடு என்றான். இவன் அசையவில்லை. அன்று முழுக்க நின்றான். மறுநாள் அணி பிரிக்கும்போது அவனுக்கும் கணக்கில் இடம் கிடைத்தது. 'மத்ராசி' என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் கேலியாக இருந்தது போகப்போக வெறும் கூப்பிடு பெயராகிவிட்டது.

அக்கா இவ்வளவு நாடகம் நடத்தவில்லை. குறி தவறாமல் எறியும் கை அவளுக்கு. ஏழு கல்லும் ஒரே வீச்சில் சரியும். அதைப் பார்த்து அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவளுக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பால்கனியிலிருந்து அம்மாவின் குரல் வரும். அப்போது அவள் பக்கம் ஜெயித்துக்கொண்டிருக்கலாம். நடுவில் தகராறு நடந்துகொண்டிருக்கலாம். குரல் வந்தால் போய்விட வேண்டும். தம்பி இன்னும் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவான்.

1992-ல், 12 வயதில், அந்த ஒரு வேளை ஆட்டமும் நின்றது. 'பெரிய பெண்' ஆகிவிட்டாள். யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. "இனிமே பார்க் வேணாம்மா" என்று அம்மா சொன்னதோடு சரி. ஊரிலிருந்து பாட்டியின் மரப் பல்லாங்குழிப் பலகை ரயிலேறி வந்து சேர்ந்தது. (வேடிக்கை என்னவென்றால், விளையாட்டும் ஓய்வும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 31-வது பிரிவில் சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை நிறைவேறியது 1989-ல். இந்தியா அதில் இணைந்தது 1992-ல். உடன்படிக்கை ஜனக்புரி பால்கனி வரை வரவில்லை.)

பல்லாங்குழியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 14 குழிகளில் எந்தக் குழியில் கை வைத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போடுவது லேசான காரியமல்ல. அக்கா பின்னாளில் கணக்குத் துறைக்கே வேலைக்குப் போனார். ஆனால் அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே சம்மணமிட்டு ஆடும் ஆட்டத்தில் ஒன்று கிடைக்காது. சண்டை.

சண்டை அவ்வளவு முக்கியமா? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே அப்படித்தான் நினைத்தார். ஜெனீவா பக்கத்துப் பையன்களோடு கோலி ஆடி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று பாவனை செய்து, விதிகளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். 1932-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் ஆதாரம் அந்தக் கோலிக்குண்டுகள்தான். சின்னக் குழந்தைக்கு விதி என்பது வானத்திலிருந்து இறங்கியது, மாற்றக் கூடாதது. பத்துப் பன்னிரண்டு வயதில்தான் தெரிகிறது, விதி நாமே கூடிப் பேசி வைத்துக்கொண்டது, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று. அந்த ஞானம் கூச்சலும் வாக்குவாதமுமாக வருகிறது. அக்காவை மேலே கூப்பிட்டுக்கொண்ட வயதும் அதுதான்.

ஜேனட் லெவர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. பத்துப் பதினோரு வயதுள்ள 181 குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்தார். பையன்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். ஆனால் சண்டையால் ஒரு ஆட்டம்கூட முடிந்துபோகவில்லை. ஏழு நிமிடத்துக்கு மேல் தடைபடவும் இல்லை. பெண் குழந்தைகளிடையே சண்டை வந்தால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நம் பெண்களை விளக்கு வைக்கும் நேரத்தில் அழைத்துக்கொள்வதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பது பெரிய புதிராகத் தெரியவில்லை. சண்டையைக் கடந்த பிறகு என்ன வரும் என்று பார்ப்பதற்கு அவர்களை யாரும் விட்டுவைத்ததில்லை.

அக்காவின் அலுவலகத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. அவர் ஆறு மாதம் உழைத்துத் தயாரித்த திட்டத்தைச் சக அதிகாரி ஒருவர் தன்னுடையதாகப் பேசினார். எல்லோருக்கும் உண்மை தெரியும். அவர் வாய் திறந்திருந்தால் இரண்டு பேராவது துணைக்கு வந்திருப்பார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். ஜனக்புரி மேற்கு வரை மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தார். அன்றிரவு தம்பிக்குப் போன் செய்தபோது அவன் கேட்ட ஒரே கேள்வி: "ஏன்க்கா, நீ ஏன் எழுந்து வந்தே?" அவரிடம் பதில் இல்லை.

தம்பி வேறு மாதிரி. வியாபாரக் கூட்டாளியோடு காலையில் மேஜையைத் தட்டிக் கத்துவான். மாலையில் அதே ஆளோடு டீ குடிப்பான். அவனுக்கு இதில் முரண்பாடே தெரிவதில்லை. 'கட்டி' விட்டவன் மறுநாள் அணிக்கு வேண்டும் என்பதைப் பூங்கா அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நம்மூரில் காய் விட்டவன் பழம் விடுவது மாதிரிதான்.

இதை வைத்து அவனுக்கு மாலை போட வேண்டியதில்லை. வீட்டிலும் அதே ஆட்டம்தான் ஆடுகிறான் என்பது அவன் மனைவியின் புகார். எதிலும் தோற்க மாட்டான், கறிகாய் விலையில்கூட. விருந்தாளிகள் வந்தால் அக்கா காபி டம்ளரோடு நிற்கவும், இவன் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து கருத்துச் சொல்லவும் பழக்கிய வீடு அது. பூங்கா கொடுத்தது பாதி என்றால் அந்த நாற்காலி கொடுத்தது பாதி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சித்தப்பாக்களையும் ஒரே நாளில் ரயிலேற்றி வரவழைத்தது தம்பியின் வாதத் திறமை அல்ல. அக்காவின் போன் பேச்சுதான். ஆட்டத்தைவிட ஆள் முக்கியம் என்று நினைப்பதைக் குறை என்று ஏன் கொள்ள வேண்டும் என்று கேரல் கில்லிகன் 1982-ல் லெவரின் ஆய்வை எடுத்துவைத்துக் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த நியாயம் கூட்ட அறைகளுக்குள் இன்னும் நுழையவில்லை. அங்கே எழுந்து போனவரின் திட்டம் உட்கார்ந்திருந்தவருக்குப் போய்விட்டது.

அக்காவுக்கு 11 வயதில் ஒரு மகள். அதே ஜனக்புரி, அதே பிளாக். 2005 கடைசியில் மெட்ரோ வந்தது; சந்துகளில் கார்கள் நிரம்பின. பிள்ளைகள் ஸ்டாப்பு கட்டம் கிழித்த இடத்தில் இரண்டு கார்கள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. பூங்காவில் நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும், பந்து விளையாடத் தடை என்ற பலகையும் வந்துவிட்டன. மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பாட்மின்டன் பயிற்சி. ஸ்கூல் மேடையில் மைக்கைப் பிடித்தால் தயங்க மாட்டாள். அலமாரியில் கோப்பைகள். தன்னம்பிக்கைக்கு என்ன குறைச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

போன வருடம் தோழிகள் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். ஏதோ அற்ப விஷயம். அவள் இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. "போய் அவங்ககிட்டயே கேளேன்" என்று அக்கா சொன்னபோது, மகள் புரியாமல் பார்த்தாள். பாட்மின்டனில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லப் பயிற்சியாளர் இருக்கிறார். வகுப்பில் டீச்சர். வீட்டில் அம்மா. நேருக்கு நேர் நின்று கேட்பது என்பது அவள் கற்ற எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தப் பார்வையில் அக்கா தன் நோட்டுப் புத்தகம் மூடும் சத்தத்தைக் கேட்டார்.

சந்து முனையில் வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளும் காவலாளியின் பிள்ளைகளும் கார்களுக்கு நடுவே கிடைத்த சந்தில் இன்றும் பிட்டூ ஆடுகிறார்கள். கல்லுக்குப் பதில் உடைந்த டைல்ஸ் துண்டுகள். இஸ்திரிக்காரரின் பெண்தான் தலைவி. வயது ஒன்பது இருக்கலாம். குளிர்கால விடுமுறையில் ஒருநாள் அக்கா மகளைக் கீழே அனுப்பினார். "அந்தப் பிள்ளைங்களோடயா?" என்றார் பாட்டி. 'அந்த' என்பதில் என்னென்ன அடங்கியிருந்தது என்பது இருவருக்கும் தெரியும். அக்கா, "ஆமாம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அம்மாவிடம் அவர் பேசிய மிக நீண்ட எதிர்வாதம் அநேகமாக அதுதான்.

தலைவி புதியவளை மேலும் கீழும் பார்த்தாள். பளபளக்கும் ஷூவைப் பார்த்தாள். "கச்சா நிம்பூ" என்று தீர்ப்புச் சொன்னாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கீழே கூச்சல். பந்து பட்டதா படவில்லையா என்று தகராறு. மகளின் குரல் கீச்சென்று உயர்ந்தது. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். எதிரே தலைவியின் குரல் அதைவிட உரக்க. பால்கனியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். "அழப் போறாடி. போய் அழைச்சிட்டு வா. விளக்கு வைக்கிற நேரம் வேற" என்றார். அக்கா பாதி எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள், முகம் சிவந்திருந்தது, அழுகைக்கு ஒரு அங்குலம் பாக்கி. மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி அந்தப் பக்கம் திரும்பி எதையோ சொன்னாள்.

சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அக்கா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை.